மரவள்ளி மாவு பாக்கெட்: பின்பக்கத்தில் எழுதாமல் விட்டவை

சென்னை ஆர்கானிக் கடைகளில் கம்பு மாவுக்கும் வரகு மாவுக்கும் நடுவே இப்போது மரவள்ளிக் கிழங்கு மாவுக்கும் இடம் கிடைத்துவிட்டது. அரைக் கிலோ பழுப்புத் தாள் பை, சணல் கயிறு கட்டிய தோரணை. முன்பக்கம் ‘குளூட்டன் இல்லை’ என்றும், பின்பக்கம் ‘கோதுமை மாவு போலவே பயன்படுத்தலாம்’ என்றும் போட்டிருக்கும். சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக் கிழங்கு என்ற பெயரில் லோடு லோடாகச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்குப் போகிற அதே சரக்குதான். இங்கே வந்து சேரும்போது அரிசி மாவின் விலையை எங்கோ தாண்டிவிடுகிறது. விலைகூடப் பரவாயில்லை, அந்தப் பின்பக்க வாக்கியம்தான் இடிக்கிறது. இதைக் கோதுமை மாவு போலப் பயன்படுத்த முடியாது, அடுப்படிக் கணக்கிலும் சரி, உடம்புக் கணக்கிலும் சரி.

முதலில் பைக்குள் இருப்பது மாவா, ஸ்டார்ச்சா என்று பார்த்துவிட வேண்டும். இரண்டையும் ‘மரவள்ளி மாவு’ என்றே விற்கிறார்கள். ஸ்டார்ச் என்பது கிழங்கை ராவி, தண்ணீர் விட்டு அலசி, பால் வடிகட்டி, தொட்டியில் தெளியவைத்து எடுப்பது. திப்பி தனியாக மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடும். மாவு என்பது கிழங்கை முழுசாகக் காயவைத்து அரைத்தது, நார் உட்பட. விரலிடுக்கில் தேய்த்தால் ஸ்டார்ச் ‘கிறீச்’ என்று வழுக்கும், நிறமும் சுண்ணாம்பு வெள்ளை. மாவு சற்று மங்கல், தொட்டால் சொரசொரப்பு, மண்வாசனை லேசாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கலக்கிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். ஸ்டார்ச் அடியில் சிமென்ட் மாதிரி இறுகிப் படிந்து மேலே தண்ணீர் தெளிந்துவிடும், ஸ்பூனால் கிளறினாலும் லேசில் எழாது. மாவென்றால் நார்த்துணுக்கு மிதக்கும், தண்ணீரும் கலங்கலாகவே நிற்கும். ஸ்டார்ச்தான் என்று தெரிந்தால் கீழே வரும் எச்சரிக்கை பெரும்பாலும் உங்களுக்கில்லை. அத்தனை அலசலில் கிழங்கிலுள்ள சயனைடு விஷம் தண்ணீரோடு போய்விடுகிறது. ஜவ்வரிசிப் பாயசத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம் என்பதற்கும் அதுவே காரணம்.

சமையலில் இந்த மாவு எப்படி? பச்சைத் தண்ணீரில் பிசைந்து சப்பாத்திக் கட்டையில் இட்டால் ஓரமெல்லாம் வெடித்து உதிரும். கொழுக்கட்டைக்குச் செய்வது போலக் கொதிநீர் ஊற்றிக் கிளறி, சூடு பொறுக்கும்போது பிசைய வேண்டும். 1 கப் மாவுக்கு முக்கால் கப் கொதிநீரில் தொடங்குங்கள், போதவில்லை என்றால் தெளித்துக்கொள்ளலாம். வாழை இலையில் எண்ணெய் தடவிக் கையால் தட்டினால் ரொட்டி வரும். சூடாக இருக்கும்வரை நன்றாக இருக்கும், ஆறினால் செருப்புத் தோல். இது உண்மையில் ஜொலிப்பது அடையில்: அடை மாவில் கால் பங்கு சேர்த்தால் ஓரம் அப்படி ஒரு மொறுமொறுப்பு. அதற்கு மேல் போட்டால் தோசைக்கல் விடாது. களியும் அருமையாகக் கிண்ட வருகிறது. சுவைக்காக மட்டும் மதிப்பெண் என்றால் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

இனி எழுதாமல் விட்ட விஷயம். மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது, சயனைடைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கும் சர்க்கரைப் பொருள். அதைத் திறக்கும் சாவியான லினமரேஸ் என்ற நொதியும் அதே கிழங்கில், ஆனால் வேறு அறையில் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போது, துருவப்படும்போது இரண்டும் சந்திக்கின்றன, சயனைடு வாயுவாக வெளியேறுகிறது. அந்த வாயுவின் கொதிநிலை சுமார் 26 டிகிரி. சென்னைப் பகலில் பெரும்பாலும் அதைவிடச் சூடுதான், தானாகப் பறந்துவிடும். ஆகவே கிழங்கைத் தோல் சீவி, துருவி, வைத்திருந்து, பிழிந்து காயவைத்தால் பெரும்பகுதி ஒழியும். மூன்று நான்கு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவிட்டு, மசிந்தபின் காயவைத்தால் இன்னும் நல்லது. துருவாமல் துண்டாக நறுக்கி நேரே வெயிலில் போட்டு அரைப்பதுதான் மோசமான வழி. செல் உடைவதற்குள் ஈரம் போய்விடுகிறது, நொதி வேலை செய்ய ஈரம் வேண்டும். அதனால் ‘நல்ல உச்சி வெயிலில் சீக்கிரம் காய்ந்த சரக்கு’ என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால் அது இந்த ஒரு பொருளுக்கு மட்டும் பாராட்டாகாது. நமக்குக் கிடைக்கும் பாக்கெட்டுகளில் எந்த முறையில் செய்தது, எந்த ரகம் என்று ஒரு வரி கிடையாது. உணவு ஆலைக்கான ரகங்களும் சமையலுக்கான ரகங்களும் ஒன்றல்ல. ஆலை ரகங்கள் பொதுவாகக் கசப்பு கூடியவை, அதாவது லினமரின் அதிகம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கைப் பார்க்க வேண்டும். அங்கே வடக்கில் நம்புலா மாகாணத்தில் கசப்பு மரவள்ளிதான் அன்றாடச் சோறு. மழை பொய்த்தாலும் தாங்கும். கசப்பென்பதால் குரங்கும் பன்றியும் திருடனும் கை வைக்கத் தயங்குவார்கள். மண்ணுக்குள் இருப்பதால் யாரும் எளிதில் கொளுத்திவிட்டுப் போக முடியாது. 1977-லிருந்து 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்த நாட்டில் இதைவிடப் பத்திரமான களஞ்சியம் ஏது? ஆனால் வறட்சி ஒரே சமயத்தில் இரண்டு அடி அடிக்கிறது. மற்ற பயிரெல்லாம் கருகிக் கிழங்கு மட்டும் மிஞ்சும். தண்ணீர் இல்லாமல் தவித்த செடியின் கிழங்கிலோ லினமரின் ஏறிவிடும். பசி வேறு, வாரக்கணக்கில் காயவிடப் பொறுமை இருக்காது.

1981-ல் அங்கே மெம்பா வட்டாரத்தை மையமாக வைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால் விறைத்துப்போனது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். முந்தின நாள் நடந்தவர்கள் மறுநாள் கத்தரிக்கோல் மாதிரி கால் பின்னிக்கொண்டு கோலூன்றினார்கள். தொற்றுநோயாக இருக்குமோ என்றுதான் முதலில் தேடினார்கள். உள்ளூர்ப் பெயர் மந்தகாசா. அப்போது நகாலாவில் மருத்துவராக இருந்த ஹான்ஸ் ரோஸ்லிங் இதை ஆராய்ந்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் புள்ளிவிவரக் குமிழி வரைபடங்களால் உலகப் புகழ் பெற்ற அதே மனிதர். மருத்துவ உலகில் இதற்குக் கோன்சோ என்று பெயர். காங்கோவின் யாக்கா மொழியில் ‘கட்டிய கால்’ என்று பொருள். 1938-லேயே அங்கே பதிவான நோய். மேலும் மோசமாகாது, ஆனால் திரும்பவும் சரியாகாது, அதுதான் கொடுமை. போர் முடிகிற தறுவாயில், 1992-93-ல், அதே மாகாணத்தின் மொகின்குவாலில் மறுபடி வந்தது. குண்டும் கண்ணிவெடியும் கால் பறித்த நாட்டில், மாவு பறித்த கால்கள் தனிக் கணக்கு.

பதற வேண்டாம், இங்கே அடை சுட்டுத் தின்கிறவருக்குக் கோன்சோ வராது. உடம்பு சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது, அதற்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் தேவை. முட்டை, மீன், பால், பருப்பு என்று ஏதாவது தட்டில் இருக்கும்வரை அந்த வேலை நடக்கும். நாள் முழுக்க, வாரக்கணக்கில், வெறும் கிழங்கு மாவையே தின்ன நேர்ந்தவர்களுக்குத்தான் அது கைகொடுக்காமல் போகிறது.

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. மரவள்ளி மாவுக்குக் கோடெக்ஸ் சர்வதேச உணவுத்தரம் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 10 மில்லிகிராம் சயனைடு, அதாவது 10 பிபிஎம். இந்தோனேசியா 40 வரை அனுமதிக்கிறது. மொசாம்பிக்கில் சாதாரண ஆண்டில் சராசரி 40-ஐ ஒட்டியிருந்த மாவு, மழை பொய்த்த ஆண்டில் 100-ஐத் தாண்டியது. ஒரு நாளில் பாதுகாப்பாக உட்கொள்ளக்கூடிய உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.09 மி.கி. என்று சர்வதேச வல்லுநர் குழு 2011-ல் வைத்தது. 50 கிலோ ஆளுக்கு அது 4.5 மி.கி., 15 கிலோ குழந்தைக்கு 1.35 மி.கி. இப்போது 50 கிராம் மாவில் கஞ்சி காய்ச்சுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பிபிஎம் மாவென்றால் அரை மி.கி., கவலையில்லை. 40 என்றால் 2 மி.கி.: பெரியவருக்கு ஒன்றுமில்லை, குழந்தைக்கு எல்லை தாண்டிவிட்டது. பாக்கெட்டில் எண் எதுவும் இல்லாதபோது, ‘குழந்தைகளுக்குச் சத்தான கஞ்சி’ என்று சில கடைகளில் கைப்பட எழுதித் தொங்கவிடும் அட்டையை உடனே கழற்ற வேண்டும்.

வீட்டிலேயே அளவைக் குறைக்க எளிய வழி ஒன்று இருக்கிறது, செலவே கிடையாது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஹோவர்ட் பிராட்பரி குழு மொசாம்பிக் போன்ற நாடுகளுக்காக உருவாக்கியது. உலர்ந்த மாவைப் பாத்திரத்தில் போட்டுச் சமப்படுத்தி, உட்புறத்தில் மாவின் மட்டத்தில் கரியாலோ பேனாவாலோ ஒரு கோடு போடுங்கள். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். மாவு முதலில் அமுங்கிக் கோட்டுக்குக் கீழே போகும், மேலும் ஊற்ற ஊற்ற எழும்பி மறுபடி கோட்டைத் தொடும். அங்கே நிறுத்த வேண்டும். எடைக் கணக்கில் பார்த்தால் மாவைப் போல ஒன்றேகால் பங்கு தண்ணீர். இந்த ஈர மாவைப் பாயிலோ தட்டிலோ 1 சென்டிமீட்டருக்கு மேல் கனமில்லாமல் பரப்பி, வெயிலில் 2 மணி நேரம் அல்லது நிழலில் 5 மணி நேரம் விட்டுவிட்டால் சயனைடு மூன்றில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்காகக் குறையும். மிச்சமிருந்த நொதி ஈரம் கிடைத்ததும் மறுபடி வேலையைத் தொடங்குகிறது, அவ்வளவுதான் சூட்சுமம்.

தவறு நடப்பது மூன்று இடங்களில். காக்கைக்கும் தூசிக்கும் பயந்து பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிவிடுவார்கள். வாயு போக வழியில்லை, பாதிப் பலன்தான். பழைய வேட்டித் துணி போதும், மொட்டை மாடியில் காற்றோட்டமும் இருக்கும். அடுத்தது, சீக்கிரம் ஆகட்டும் என்று கொதிநீர் ஊற்றுவது. சூட்டில் நொதி செத்துப்போகும், பூட்டு திறக்காமலே நின்றுவிடும். மேலே சொன்ன ரொட்டிக்குக் கொதிநீர் என்றால், இந்த ஈரப் பக்குவம் முடிந்தபிறகுதான். மூன்றாவது, ஈர மாவை நாளைக்கு என்று எடுத்துவைப்பது. சென்னைப் புழுக்கத்தில் இரவுக்குள் புளித்து வாடை அடிக்கும், அன்றைக்கே சமைத்துவிடுங்கள். களி கிண்டுவதென்றால் மாவிலேயே தண்ணீர் இருப்பதை நினைவில் வைத்து உலைத் தண்ணீரைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் கூழ்தான்.

நாக்கில் வைத்துக் கசக்கிறதா என்று பார்ப்பது முழு நம்பிக்கைக்குரியதல்ல. கசந்தால் ஒதுக்கலாம், கசக்கவில்லை என்பதற்காக நிம்மதி அடைய முடியாது. பிக்ரேட் தாள் சோதனை என்று ஒன்று உண்டு: சிறு குப்பியில் 100 மில்லிகிராம் மாவோடு மஞ்சள் தாளை வைத்து மூடி ஒரு நாள் விட்டால், சயனைடு அளவுக்கேற்பத் தாள் பழுப்பேறும், வண்ண அட்டையோடு ஒப்பிடலாம். யூடியூப் பார்த்து வீட்டில் தயாரிக்க வேண்டாம், உலர்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கும். ஆய்வகத்தில் கொடுத்தால் ‘மொத்த சயனைடு’ என்று கேட்டு வாங்குங்கள். லினமரினுக்குள் பூட்டியிருப்பதை விட்டுவிட்டு, தனித்து நிற்கும் சயனைடை மட்டும் அளந்து தரும் அறிக்கையில் எண் அழகாக இருக்கும், உபயோகம் இருக்காது.

பச்சைக் கிழங்கு வாங்குகிறவர்களுக்கு: தோலில் விஷம் அதிகம், உள்தோலும் போகும்படி உரியுங்கள். சின்னத் துண்டாக நறுக்கி, குளிர்ந்த தண்ணீர் நிறைய ஊற்றி, மூடாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஈழத்தமிழர் வீடுகளில் மரவள்ளி அவிக்கும்போது சட்டியை மூடக்கூடாது, அன்றைக்கு இஞ்சி சேர்க்கக்கூடாது என்பார்கள். இஞ்சி விஷயம் எப்படியோ, மூடாத சட்டிக்கு எங்கள் ஓட்டு. நீல வரி ஓடிய கிழங்கு பழசு, வேண்டாம்.

வாங்கலாமா? தோல் சீவியது, துருவியது அல்லது ஊறவைத்தது என்று கடைக்காரரால் சொல்ல முடிந்தால் தாராளமாக. ‘தெரியாது சார், வர்றதை வைக்கிறோம்’ என்றால் மேலே சொன்ன பக்குவத்துக்கு நேரம் இருக்கிறவர்கள் மட்டும், அதுவும் கால் கிலோவுக்கு மேல் வேண்டாம்.