மாக்வெப்சர்வர்: அறுந்துபோகும் இணைப்பை வரவழைத்துப் பார்க்க ஒரு கருவி

தோவாளை பூச்சந்தை விலையைக் காட்டும் ஓர் ஆண்ட்ராய்டு ஆப்பை நாகர்கோவில் அலுவலக வைஃபையில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் வரும். பேச்சிப்பாறைப் பக்கம் மலையேறும்போதும், குளச்சலிலிருந்து விசைப்படகு கரையை விட்டு விலகும்போதும், கன்னியாகுமரி லாட்ஜ் வைஃபையிலும்தான் அதன் குட்டு வெளிப்படும். அந்த மூன்று நிலைமைகளையும் யூனிட் டெஸ்ட்டுக்குள் (கோட்டின் சிறு பகுதிகளைத் தனியாகச் சோதிப்பது) கொண்டுவர, இணையக் கோரிக்கை அனுப்பும் நூலகங்களான ரெட்ரோஃபிட்டும் ஓகேஎச்டிடிபியும் பயன்படுத்துகிறவர்களுக்கு மாக்வெப்சர்வரை விடத் தோதான கருவி இல்லை. ஓகேஎச்டிடிபியை எழுதிய ஸ்கொயர் நிறுவனத்தின் வெளியீடு, அப்பாச்சி 2.0 உரிமம், காசு இல்லை.

இது போலிப் பொருள் அல்ல, நிஜமான சர்வர். டெஸ்ட் ஓடும் அதே கணினியில் காலியாக உள்ள ஒரு போர்ட்டை, அதாவது இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசலைப் பிடித்துக்கொண்டு, நாம் வரிசையில் போட்டு வைத்த பதில்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கும். அமைப்பது எளிது: டெஸ்ட் சார்புகளில் (டெஸ்ட்டுக்குத் தேவையான நூலகங்களின் பட்டியல்) சேர்க்க வேண்டும், ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன் சர்வரைத் தொடங்க வேண்டும், அது தரும் முகவரியை ரெட்ரோஃபிட்டின் பேஸ்யூஆர்எல் (கோரிக்கைகளின் அடிப்படை முகவரி) ஆக்க வேண்டும், முடிந்ததும் மூட வேண்டும். பேஸ்யூஆர்எல் சாய்கோட்டில் (/) முடியாவிட்டால் ரெட்ரோஃபிட் அங்கேயே விழுந்துவிடும். 8080 என்று போர்ட்டைக் கையால் எழுதாதீர்கள்; ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடில், இரண்டு மாட்யூல்களின் டெஸ்ட்டுகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் இரண்டும் அதே போர்ட்டுக்கு அடித்துக்கொள்ளும்.

போலிப் பொருள் செய்யும் மாக்கே நூலகத்தை வைத்து, சர்வரை அழைக்கும் ஏபிஐ இன்டர்ஃபேஸையே போலியாக்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. திரைக்கான தரவைத் தரும் வியூமாடலைச் சோதிக்க அது போதும், வேகமும் கூட. ஆனால் பாதை தவறாக எழுதப்பட்டிருந்தாலோ, அடையாளச் சீட்டான டோக்கன் ஹெட்டர் விட்டுப்போயிருந்தாலோ, தரவு வரும் வடிவமான ஜேசனில் புலத்தின் பெயர் மாறியிருந்தாலோ அந்தப் போலி கண்டுகொள்ளாது. மாக்வெப்சர்வரில் டேக்ரிக்வெஸ்ட் மூலம் வந்த கோரிக்கையை எடுத்து, பாதை, ஹெட்டர், உடல் (உள்ளடக்கம்) மூன்றையும் சரிபார்க்கலாம்.

பூ விலையையே எடுத்துக்கொள்வோம். பிச்சி, மல்லிகை, கிரேந்தி, அரளி என்று பட்டியல் வருகிறது. ஒரு நாள் மல்லிகை வரத்து இல்லை. சர்வர் விலைக்கு நல் (மதிப்பு இல்லை என்ற குறி) அனுப்புகிறது. டேட்டா கிளாஸில் விலை வெறும் இன்ட் (நல் ஏற்காத முழு எண்) என்று இருந்தால், ஜேசனைப் பிரிக்கும் ஜிசான் நூலகம் சத்தமே போடாமல் அதை 0 ஆக விட்டுவிடும். திரையில் மல்லிகை கிலோ 0 ரூபாய். அதே வேலையைச் செய்யும் கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷன், அதே பதிலுக்கு எக்ஸெப்ஷன் (பிழை) வீசும். ஓணம் நெருக்கத்தில் விலை ஏறி, சர்வர் எழுதியவர் "1,200" என்று காற்புள்ளியோடு சரமாக அனுப்பினால் இரண்டுமே விழும். ஒழுங்கான பட்டியல், நல் வந்தது, காற்புள்ளி வந்தது என இந்த மூன்று ஜேசனையும் டெஸ்ட் ரிசோர்ஸ் கோப்புறையில் தனித்தனிக் கோப்பாக வைத்து செட்பாடியில் கொடுங்கள். கோட்டுக்குள் சரமாக எழுதினால் பிறகு யாரும் அதைத் திருத்த மாட்டார்கள்.

லாட்ஜ் வைஃபை வேறு ரகம். அறை எண்ணைக் கேட்கும் லாகின் பக்கம் இடையில் புகுந்துவிடும். எச்டிடிபிஎஸ் முகவரி என்றால் சான்றிதழ் பொருந்தாமல் இணைப்பே தோற்கும். வெறும் எச்டிடிபி என்றால் 200 எண்ணோடு எச்டிஎம்எல் வந்து நிற்கும். 200 வந்தாலே வெற்றி என்று எழுதிய ஆப் அங்கே சாயும். உள்ளடக்க வகையை டெக்ஸ்ட் எச்டிஎம்எல் என்று வைத்து ஒரு பதிலை வரிசையில் போட்டால் இது உடனே தெரியும். கோட்லின்எக்ஸ் வீசும் சீரியலைசேஷன் எக்ஸெப்ஷன், இணைப்புப் பிழைகளுக்கான ஐஓஎக்ஸெப்ஷன் வகையைச் சேர்ந்தது அல்ல. ஐஓஎக்ஸெப்ஷனை மட்டும் பிடிக்கும் கோட்டில் ஆப் கிராஷ் ஆவது இதனால்தான்.

கருவியின் உண்மையான பெறுமானம் மெதுவான இணைப்பைச் சோதிப்பதில் இருக்கிறது. ஓகேஎச்டிடிபியில் கனெக்ட், ரீட், ரைட் டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு) மூன்றும் இயல்பாக 10 வினாடி. எனவே எதுவும் 10 வினாடிக்கு மேல் தொங்காது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். ரீட் டைம்அவுட் என்பது ஒரு வாசிப்புக்கும் அடுத்த வாசிப்புக்கும் நடுவே உள்ள காத்திருப்பு. மொத்த நேரம் அல்ல. 40 கேபி பட்டியல் வினாடிக்கு 1 கேபி வீதம் சொட்டினால் 40 வினாடி ஆகும், டைம்அவுட் ஒரு முறையும் அடிக்காது. மொத்தத்துக்குத் தடை போடுவது கால் டைம்அவுட். அதன் இயல்பு மதிப்பு 0, அதாவது வரம்பே இல்லை. உடலைச் சிறிது சிறிதாக விடும் த்ராட்டில்பாடி கொண்டு இதை அப்படியே காட்டலாம். டெஸ்ட்டில் நிஜமாக 40 வினாடி காத்திருக்க வேண்டியதில்லை: 2 கேபி உடலை 100 மில்லி வினாடிக்கு 64 பைட் என்று விடுங்கள், ரீட் டைம்அவுட்டை 500 மில்லி வினாடி, கால் டைம்அவுட்டை 1 வினாடி ஆக்குங்கள். உடல் முழுதும் வர மூன்று வினாடிக்கு மேல் பிடிக்கும். கால் டைம்அவுட் இருந்தால் டெஸ்ட் ஒரு வினாடியில் முடியும், இல்லாவிட்டால் முழு உடலும் வந்து சேரும்.

கடலில் டவர் போவது போல நடுவில் அறுக்க, இணைப்பு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் சாக்கெட் பாலிசியில் 'டிஸ்கனெக்ட் டியூரிங் ரெஸ்பான்ஸ் பாடி' உண்டு. உடலின் பாதியில் இணைப்பு முறியும். கிடைப்பது டைம்அவுட் அல்ல, ப்ரோட்டோகால் எக்ஸெப்ஷன். ஆர்டர் அனுப்பும் போஸ்ட் கோரிக்கைகளுக்கு இன்னொன்றும் பாருங்கள். பழைய இணைப்பை மறுபடி பயன்படுத்தும்போது அது செத்திருந்தால் ஓகேஎச்டிடிபி கேட்காமலே மறுமுயற்சி செய்யும். சர்வரின் ரிக்வெஸ்ட்கவுன்ட் எண்ணைச் சரிபார்த்தால் ஒரே ஆர்டர் இரண்டு முறை போகிறதா என்று தெரிந்துவிடும்.

குறைகளுக்கு வருவோம். வரிசையில் பதில் தீர்ந்துவிட்டால் இந்த சர்வர் பிழை சொல்லாது, அடுத்த பதில் வரும் என்று சும்மா காத்திருக்கும். ஆப் எதிர்பாராமல் ஒரு கோரிக்கை கூடுதலாக அனுப்பினால், பத்து வினாடி கழித்து டைம்அவுட் என்று மட்டும் சொல்லி டெஸ்ட் விழும். காரணம் எங்கும் எழுதியிருக்காது. பதில்களை வரிசைப்படி கொடுக்கும் க்யூ டிஸ்பாட்சரில் ஃபெயில்ஃபாஸ்ட்டை ஆன் செய்தால் உடனே 404 வரும். அதுவே இயல்பாக இருந்திருக்க வேண்டும். டேக்ரிக்வெஸ்ட்டும் இப்படித்தான்: கோரிக்கை வராவிட்டால் முடிவில்லாமல் நிற்கும், ஆகவே நேர வரம்பு கொடுக்கும் வடிவத்தையே பயன்படுத்துங்கள்.

ஒரே திரை இரண்டு மூன்று ஏபிஐகளை ஒரே சமயத்தில் அழைத்தால் வரிசை முறை உதவாது, எது முதலில் போகும் என்று சொல்ல முடியாது. அங்கே சொந்தமாக ஒரு டிஸ்பாட்சர் எழுதி, பாதையைப் பார்த்துப் பதில் கொடுக்க வேண்டும். 4ஆம் பதிப்பில் பாதையோடு கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ளதும் சேர்ந்தே வரும்; சமக்குறி போட்டு ஒப்பிட்டால் பொருந்தாது.

கோரூட்டின் (கோட்லினில் காத்திருக்கும் வேலைகளை எழுதும் முறை) எழுதுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம், அதற்கான டெஸ்ட்டை ஓட்டும் ரன்டெஸ்ட். அதில் ஓடுவது கற்பனை நேரம், மாக்வெப்சர்வரில் ஓடுவது நிஜ நேரம். வித்டைம்அவுட்டில் 5 வினாடி கொடுத்திருந்தாலும் சர்வர் வாய் திறப்பதற்குள் அது முடிந்துபோகும். இத்தகைய டெஸ்ட்டுக்கு நிஜ நேரத்தில் ஓடும் ரன்பிளாக்கிங்தான் சரி.

எமுலேட்டரிலோ போனிலோ ஓட்டும்போது ஆண்ட்ராய்டு 9 முதல் மறைகுறியாக்கமில்லாத எச்டிடிபி இயல்பாகத் தடை. டீபக் பில்டுக்கு மட்டும் நெட்வொர்க் செக்யூரிட்டி கோப்பில் லோக்கல்ஹோஸ்ட்டை அனுமதியுங்கள். ரிலீஸ் பில்டில் அதை விட்டுவைக்காதீர்கள். சர்வர் போனுக்குள்ளேயே ஓடுவதால் எமுலேட்டரிலிருந்து கணினியைக் குறிக்கும் 10.0.2.2 முகவரி இங்கே தேவைப்படாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 5ஆம் பதிப்பின் மாக்வெப்சர்வர்3 தொகுப்பை எடுக்கலாம். பதில்களை பில்டர் வழியாக உருவாக்க வேண்டும், ஜேயூனிட் 4 என்ற டெஸ்ட் நூலகத்தை அது இழுத்து வருவதில்லை. பழைய டெஸ்ட்டுகளை மாற்றுவது நல்ல கைவேலை; அவசரம் இல்லையென்றால் 4.12இல் இருந்துவிடலாம்.

இதே வேலைக்கான வயர்மாக் இதைவிட வசதிகள் நிறைந்தது, ஆனால் ஆண்ட்ராய்டுக்குக் கனம் அதிகம். ஐஃபோன் பக்கம் கோரிக்கையை இடைமறிக்கும் யூஆர்எல்ப்ரோட்டோகாலைக் கிளை வகுப்பாக எழுதி, செஷன் கான்ஃபிகரேஷனின் ப்ரோட்டோகால்கிளாசஸில் சேர்ப்பதே வழக்கம். அங்கே எச்டிடிபிபாடி நில்லாக (வெறுமையாக) வரும்; உடலை ஸ்ட்ரீமிலிருந்து படிக்க வேண்டும். இரண்டு வகைப் போனுக்கும் ஆப் எழுத உதவும் ஃப்ளட்டரில் விட்ஜெட் டெஸ்ட் எந்தக் கோரிக்கைக்கும் 400 என்றே பதில் தரும். அதைப் பார்த்து சர்வரைச் சந்தேகிக்க வேண்டாம், எச்டிடிபி பேக்கேஜின் மாக்கிளையன்ட்டை உள்ளே கொடுத்தால் போதும்.