மாடியில் 3 கிலோவாட் சோலார்: ஆறாவது பேனல் தகராறு

தூத்துக்குடியில், துறைமுகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் 27 வருஷம் குப்பை கொட்டியவன் நான். பெட்டி மேல் இருக்கிற நம்பரும் காகிதத்தில் இருக்கிற நம்பரும் ஒத்துவராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மாடியில் சோலார் போட்டபோது அந்தப் புத்திதான் கைகொடுத்தது.

வீட்டு மாடிச் சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஆனால் பேனல் 'டிசிஆர்' ரகமாக இருக்கணும். அதாவது வெயிலைக் கரண்ட்டாக்கும் செல், அதை அடுக்கிச் செய்கிற மாட்யூல் என்ற முழுப் பேனல், இரண்டுமே இந்தியாவில் செய்தது. வெளிநாட்டுச் செல்லை வாங்கி இங்கே ஒட்டினால் ஆகாது. சப்ளையர் இரண்டு கொட்டேஷன் தந்தார். மானியம் வேண்டாம், எந்த ஊர்ச் செல்லானாலும் சரி என்றால் 1,52,000. டிசிஆர் என்றால் 1,94,000. மானியத்தில் 42,000 செல் செய்தவனுக்குப் போக, எனக்கு மிஞ்சினது 36,000.

இந்த நிபந்தனை புதுசு இல்லை. மத்திய அரசின் முந்தைய சூரிய மின் திட்டமான நேரு சோலார் மிஷனில் இதே மாதிரி வைத்து வெளிநாட்டுச் சரக்கை ஒதுக்கியதற்கு 2013-ல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. அரசு தனக்கென்று வாங்கும் சரக்கில் உள்ளூர்ச் சரக்கையே கேட்க விதிவிலக்கு உண்டே என்று நம்ம ஆள்கள் வாதாடினார்கள். 'நீங்கள் வாங்குவது கரண்ட்டை, பேனலை இல்லையே' என்று 2016-ல் மேல்முறையீட்டிலும் தள்ளிவிட்டார்கள். சரியான பிடி, சுங்கத்தில் நாங்கள் தினம் பார்க்கிற கிடுக்கிப்பிடி. அதே அமெரிக்காவில் பல மாநிலங்கள் உள்ளூர்ச் சரக்குக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தன. இந்தியா திருப்பி வழக்குப் போட்டு 2019-ல் நடுவர் குழுவில் ஜெயித்தது. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை!

சரி, என் மாடிக்கு வருகிறேன். ஆறு பேனல் வந்து இறங்கியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் டிசிஆர் சான்றிதழோடு டிக் அடித்தேன். ஐந்து சரி. ஆறாவது பேனலின் நம்பர் பட்டியலிலேயே இல்லை. "ஒண்ணுதானே அண்ணாச்சி, யாரு ஏறிப் பார்க்கப் போறா?" என்றான் ஃபிட்டர் பையன். "நான்தான் ஏறிப் பார்த்துட்டேனேப்பா" என்றேன். மாற்றிக் கொண்டுவர 11 நாள். நான் பார்க்காமல் விட்டிருந்தால் மானியம் நின்றிருக்கும், பதில் சொல்லச் சப்ளையர் ஆட்கள் ஃபோனை எடுத்திருக்க மாட்டார்கள்.

மாட்டின வேலை சுத்தம், குறை சொல்ல மாட்டேன். எர்த்திங் குழி, மின்னல் தாங்கி எல்லாம் கேட்காமலே செய்தார்கள். நாம் எடுக்கிற கரண்ட், திருப்பிக் கொடுக்கிற கரண்ட் இரண்டையும் அளக்கும் இருவழி மீட்டருக்குத்தான் ஒரு மாசம் காத்திருந்தேன். வெயில் நாளில் 12 யூனிட், சில நாள் 13. முன்னெல்லாம் இரண்டு மாச பில் நாலாயிரத்தை ஒட்டி வரும். போன தடவை 260.

உப்பளக் காற்று வீசுகிற ஊரில் பேனலைப் போர்த் தண்ணீரால் கழுவாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டே தடவையில் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திட்டு. இப்போது குடிதண்ணீரில் இரண்டு வாளி, வாரம் ஒரு தடவை, விடிகாலையில். ஐந்துக்கு மூன்றரை ஸ்டார்; பிடித்த ஒன்றரையில் அரை ஸ்டார் அந்த ஆறாவது பேனலுக்காக.