சிறுநீரக மண்டல மாதிரி: சிறுநீர்ப்பைக்காக வாங்கலாம், நெஃப்ரான் பலகையில் ஒரு திருத்தம் வேண்டும்

பதினோராம் வகுப்பு விலங்கியலில் கழிவுநீக்கம் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் அவரை விதை மாதிரி இரண்டு படம் போட்டே பல வருடம் ஓட்டிவிட்டேன். இந்த வருடம் சொந்தக் காசு 2,450 ரூபாய் போட்டு ஆன்லைனில் இந்த பிளாஸ்டிக் மாதிரியை வாங்கினேன். நான்கு மாதமாக வகுப்பில் இருக்கிறது, நாற்பது பிள்ளைகள் கை மாறியிருக்கிறது. அதற்கு அப்புறம்தான் எழுதுகிறேன்.

அளவு சரி. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், சிறுநீரகம் 11 செ.மீ. நீளம், மனிதருக்கு 10 முதல் 12 வரை இருக்கும். வலதுபக்கம் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மேலே கல்லீரல் உட்கார்ந்திருப்பதால் அப்படி. மாதிரியில் கல்லீரல் இல்லாவிட்டாலும் அந்த இறக்கத்தை விடாமல் செய்திருக்கிறார்கள். தலைமேல் தொப்பி போல அட்ரினல் சுரப்பியும் உண்டு.

ஆனால் காசு கொடுத்தது வீண்போகவில்லை என்று எனக்குத் தோன்றியது சிறுநீர்ப்பையைத் திறந்தபோதுதான். முன்பக்கம் கழன்று வருகிறது. உள்ளே பின்சுவரில் மேலே இரண்டு சின்னத் துளை, கீழே ஒன்று, மூன்றையும் சேர்த்தால் முக்கோணம். மேலே உள்ள இரண்டும் சிறுநீர் நாளங்கள் வந்து சேரும் இடம். ஒரு ஈர்க்குச்சியை நாளத்துக்குள் விட்டுப் பாருங்கள், நேராகப் போகாது, சுவருக்குள் சாய்வாக நுழைந்து வெளியே வரும். பை நிரம்ப நிரம்ப அந்தச் சாய்ந்த பகுதி அழுந்தி மூடிக்கொள்கிறது, அதனால்தான் சிறுநீர் திரும்ப மேலே ஏறுவதில்லை. இதை நான் வாயால் பத்து தடவை சொன்னதைவிட ஒரு ஈர்க்குச்சி நன்றாகச் சொன்னது.

"மிஸ், படுத்துத் தூங்கும்போது எப்படிக் கீழே இறங்கும்?" என்று ஒருவன் கேட்டான். அருமையான கேள்வி. நாளத்தின் சுவரில் தசை இருக்கிறது, சாப்பாட்டை உணவுக்குழாய் தள்ளுகிற மாதிரி அது சிறுநீரை அலை அலையாகத் தள்ளிவிடும், சாய்ந்தாலும் படுத்தாலும் வேலை நிற்காது. அவனுக்குப் பக்கத்தில் இருந்தவனின் அப்பாவுக்குப் போன கோடையில் கல் வந்து துடித்திருக்கிறார். கல் மாட்டிக்கொள்ளும் குறுகலான இடங்கள் மூன்று: நாளம் தொடங்கும் வாய், தொடைப்பக்கம் போகிற பெரிய ரத்தக்குழாயை அது தாண்டும் இடம், பைக்குள் நுழையும் இடம். மாதிரியில் பெருந்தமனி இரண்டாகப் பிரிவதுவரை காட்டியிருப்பதால் மூன்றையும் தொட்டுக் காட்ட முடிகிறது. அந்தப் பையன் மூன்றாவது இடத்தில் விரலை வைத்து, "எங்கப்பாவுக்கு இங்கதான் மிஸ்" என்றான்.

இப்போது குறைக்கு வருகிறேன். கூடவே, சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டியான நெஃப்ரானைக் காட்டும் பலகை ஒன்று வருகிறது. அதில் கிளாமருலஸுக்குள் (ரத்தம் வடிகட்டப்படும் ரத்தக்குழாய் முடிச்சு) போகும் நுண்தமனி சிவப்பு, வெளியே வரும் நுண்தமனி நீலம். இது தவறு. வெளியே வருவதும் தமனிதான், அதிலும் ஆக்ஸிஜன் உள்ள ரத்தம்தான் ஓடுகிறது. அது நெஃப்ரானின் நுண்குழாய்களைச் சுற்றி மறுபடி வலையாகப் பிரிந்த பிறகுதான் சிரையில் போய்ச் சேரும். வெளிக்குழாய் உட்குழாயைவிடக் குறுகல், அந்த நெருக்கத்தில் ஏறுகிற அழுத்தம்தான் வடிகட்டலை நடத்துகிறது. அந்த அகல வித்தியாசமும் பலகையில் இல்லை. நீலத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் "கெட்ட ரத்தம்" என்று எழுதுகிறார்கள். யூரியாவை வைத்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: உடம்பிலேயே யூரியா குறைவான ரத்தம் சிறுநீரகச் சிரையில்தான் இருக்கிறது. மகளின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து அந்த நீலக்குழாயின் மேல் இரண்டு கோட் பூசிவிட்டேன், நன்றாகவே பிடித்திருக்கிறது. வாங்குகிறவர்கள் வகுப்புக்கு எடுத்துப் போகும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

எவ்வளவு வேலை நடக்கிறது என்பதை எந்த மாதிரியும் காட்டாது, அதை நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு வடிகட்டப்படுவது சுமார் 180 லிட்டர், வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேன் கணக்கில் ஒன்பது கேன். வெளியே போவது ஒன்றரை லிட்டர் போல. மீதி எல்லாம் திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகிறது. ஒன்பது கேன் என்றதும் வகுப்பே அமைதியானது.

இன்னொரு குறை எனக்கு உண்மையிலேயே வருத்தம். பைக்குக் கீழே ஆணின் அமைப்பு மட்டும்தான், புராஸ்டேட்டோடு. பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய் பெண்ணுக்கு ஏறக்குறைய 4 செ.மீ.தான், ஆணுக்கு 20 வரை. கிருமி பைவரை ஏறுவதற்குப் பெண்களுக்கு வழி சின்னது. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் இதைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. காட்ட ஒன்றும் இல்லை, படம்தான் போட்டேன்.

இடது சிறுநீரகத்தின் முளை இரண்டாவது மாதமே தளர்ந்துவிட்டது. முளையில் செல்லோ டேப் ஒரு சுற்று சுற்றினால் போதும். பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், அப்புறம் திறக்கவே முடியாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். நெஃப்ரானுக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம், பைக்காகவும் நாளங்களுக்காகவும் தாராளமாக வாங்கலாம். பெண்ணுக்கான கீழ்ப்பகுதியைத் தனியாக விற்றால் அடுத்த மாதச் சம்பளத்திலேயே வாங்கிவிடுவேன்.