தலைமையாசிரியர் நியமனம்: பணிமூப்பா, தேர்வா?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியர் ஆவதற்குப் பெரும்பாலும் ஒரே வழிதான்: பணிமூப்பு. பதவி உயர்வுப் பட்டியலான பேனலில் பெயர் மேலே வரும்வரை காத்திருந்து, கலந்தாய்வில் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பீகார் இதற்கு மாநிலத் தேர்வாணையம் வழியாகப் போட்டித் தேர்வு நடத்துகிறது.

பணிமூப்பை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். யார் சிபாரிசும் அந்தப் பட்டியலின் வரிசையை எளிதில் மாற்றிவிடாது. அரசியல்வாதிகள் கையில் நியமனம் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசில் இருக்கிறது. அங்கே மேயரின் கட்சி மாறினால் பள்ளித் தலைமையும் மாறுவதையும், அதோடு பிள்ளைகளின் மதிப்பெண் சரிவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் வயது பெரிய சிக்கல். ஐம்பத்தைந்தைத் தாண்டிப் பதவிக்கு வருபவர் பள்ளியைப் புரிந்துகொள்வதற்குள் ஓய்வு வந்துவிடும். அப்புறம் வழக்கு. பதவி உயர்வுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் தேர்ச்சி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே இந்த வழக்குகளால் பதவி உயர்வுகள் முடங்கின. பட்டியல் நின்றால் ‘பொறுப்பு’ தலைமையாசிரியர்தான். வகுப்பையும் விட முடியாமல், எமிஸ் என்னும் பள்ளித் தரவுத் தளத்தில் பதிவு, காலை உணவுக் கணக்கு, கட்டட வேலை என எல்லாவற்றையும் அவரே சுமக்கிறார். சக ஆசிரியரிடம் ஒன்றைக் கண்டித்துச் சொல்லவும் அவருக்குத் தயக்கம்.

பீகாரின் அனுபவமும் சுகமானதல்ல. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் 6,421 இடங்களுக்கு 2022இல் சுமார் 13,000 பேர் தேர்வு எழுதி, 421 பேர்தான் தேறினார்கள். 2024இல் மறுபடி நடத்தியபோது 5,971 பேர் தேர்வானார்கள். இளையவர்களுக்குக் கதவு திறந்தது உண்மை, அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது கொள்குறி வினாத்தாள், நேர்காணலும் இல்லை. சண்டையிட்டு நிற்கும் இரு ஆசிரியர்களைச் சேர்த்து வேலை வாங்கத் தெரியுமா என்பதை அதில் எப்படிக் கண்டுபிடிப்பது?

சிலி 2011 சட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போனது. திறந்த போட்டியில் தேர்வாகும் தலைவருக்கு 5 ஆண்டு ஒப்பந்தம், தன் நிர்வாகக் குழுவைத் தானே அமைக்கும் உரிமை, எட்ட வேண்டிய இலக்குகள் என்று அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே வந்தன. நம் விவாதங்களில் அதிகாரம் பற்றிய பேச்சே எழுவதில்லை.

என் சாய்வு இதுதான்: பணி அனுபவம் தகுதிக்கு மட்டும் போதும். அதற்கு மேல் துறைத் தேர்வும் நேர்காணலும் வைத்து, தேர்வானவரை 5 ஆண்டாவது ஒரே பள்ளியில் இருக்க விட வேண்டும். தரவுப் பதிவுக்குத் தனி ஆள் கொடுக்க வேண்டும்.

இதுவும் எல்லாப் பள்ளிக்கும் எட்டாது. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தனித் தலைமையாசிரியர். இரண்டு ஆசிரியர்களோடு ஐந்து வகுப்பு நடக்கும் கிராமப் பள்ளிக்கு, நியமன முறையைத் திருத்துவதற்கு முன் இன்னொரு ஆசிரியரை அனுப்ப வேண்டும்.