மூங்கில் தூண்டில் கம்புக்கு வீட்டில் செய்யும் அடுப்பு: ஹீட் கன் குழாயா, ஹீட்டர் பெட்டியா?

இரண்டு துண்டாகப் பிரியும் ஏழடித் தூண்டில் கம்பு ஒன்றுக்கு, ஒவ்வொரு துண்டுக்கும் ஆறு பிளாச்சுகள் (பிளந்தெடுத்து, கடைசியில் ஒன்றாக ஒட்டும் மூங்கில் கீற்றுகள்) வேண்டும். சீவிச் சரிசெய்யும்போது முனைகளில் கழிவதையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் 48 முதல் 52 அங்குலம் வரும். இந்த ஆறையும் முக்கோணமாகச் சீவி, நூலால் இறுக்கிக் கட்டி, 175 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூட்டில் சிறிது நேரம் வைத்தெடுத்தால்தான் கம்புக்கு விறைப்பு வரும், வளைத்து விட்டதும் பழைய நிலைக்கு நிமிரும். சமையலறை ஓவன் எதிலும் இந்த நீளம் அடங்காது. அதனால் அடுப்பை நாமே செய்தாக வேண்டும்.

190 டிகிரி வரை சூடேற்றுவது எந்த அடுப்புக்கும் பெரிய வேலை இல்லை. நான்கேகால் அடி நீளத்திலும் அந்தச் சூடு ஒரே மாதிரி இருப்பதுதான் கடினம். ஒரு முனை 190-இலும் மறு முனை 165-இலும் நின்றால் கம்பின் ஒரு பாதி விறைப்பாகவும் மறு பாதி சவசவ என்றும் ஆகிவிடும். 200-ஐத் தாண்டிய இடத்தில் மூங்கில் பழுப்பேறி, நார் உடையத் தொடங்கும். கீழே உள்ள அடுப்புகளை எடைபோட இந்த ஒரு அளவுகோல் போதும்.

முதலில் நெருப்பை ஒதுக்கிவிடலாம். கல் மூங்கிலைத் தணலில் வாட்டி நிமிர்த்துவது சிலம்பக் கம்பு செய்பவர்களுக்குப் பழகிய வேலை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை செய்பவர்கள் வைத்திருப்பது போன்ற கேஸ் டார்ச்சால் முழு மூங்கிலின் தோலைக் கருக்கி நிறம் ஏற்றவும் முடியும். ஆனால் அந்தச் சூடு தோலுக்கு அடியில் சில மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. உள்நாரில் ஈரம் அப்படியே இருக்கும். நிறத்துக்காக டார்ச் பிடிப்பதானால், முதலில் மூங்கிலின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை வெட்டுப் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கணுக்களுக்கு இடையில் அடைபட்ட காற்று விரிந்து மூங்கில் வெடிக்கும். டார்ச் பிடித்தாலும் அடுப்பு வேலை மிச்சம் இருக்கிறது.

ஹீட் கன் குழாய்

குழாய்க்குள் குழாய். வெளிக்குழாய் 4 அங்குல விட்டம். 24 கேஜ் தகரத்தில் எந்தத் தகரப் பட்டறையும் உருட்டி மடித்துத் தரும். உள்குழாய்க்கு மாடிப்படிக் கைப்பிடி போடும் இரண்டரை அங்குல ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் குழாய். 304 தரம் போதும். உருக்காலை இருக்கும் சேலத்தில் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை. இருபது அடிக் குழாயில் ஆறடித் துண்டு மூன்று கிடைக்கும். ஒன்றுதான் தேவை, மற்றதை நண்பர்களுக்குக் கொடுக்கலாம்.

வாய்ப்பக்கத்தில் இரண்டு குழாய்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஒரு வளையத் தகடு வைத்து மூட வேண்டும். கடைசிப் பக்கம் வெளிக்குழாய் முழுதாக மூடியிருக்கும். உள்குழாய் அந்த மூடிக்கு 5 செ.மீ. முன்பாகவே நின்றுவிட வேண்டும். மூன்று இடங்களில் மும்மூன்று போல்ட் வைத்து உள்குழாயை நடுவில் தாங்கவைத்தால், சுற்றிலும் ஏறக்குறைய 19 மி.மீ. இடைவெளி அமையும். சூடான காற்றை ஊதும் கருவியான ஹீட் கன், குழாயின் வாய்க்கு அருகில் பக்கவாட்டில் நுழைகிறது. அதன் காற்று இடைவெளி வழியே கடைசிவரை ஓடி, திரும்பி, உள்குழாய் வழியே பிளாச்சுகளைத் தடவிக்கொண்டு வாய்க்கு வந்து வெளியேறும். வாயை நெருங்க நெருங்க ஆறிவரும் உள்காற்றை, வெளியே ஓடும் புதுச் சூடு மறுபடி ஏற்றிவிடும். ஃபேன், கன்ட்ரோலர் எதுவும் இல்லாமலே சூடு ஓரளவு சமமாவதற்கு இதுதான் காரணம். சிக்கனமான, அழகான யோசனை.

கெட்டுப்போவது பெரும்பாலும் கன் நுழையும் இடத்தில். கன்னை நேர்க்குத்தாக நுழைத்தால் 500 டிகிரிக்கு மேலான காற்று உள்குழாயின் ஒரே புள்ளியில் அடிக்கும். அந்தப் புள்ளிக்கு உட்பக்கம் கிடக்கும் பிளாச்சு கருகும். அதனால் கன்னை ஒரு ஓரமாக, காற்று குழாயைச் சுற்றிக்கொண்டு ஓடும்படி நுழைக்க வேண்டும். பிளாச்சுகளையும் அந்த இடத்தைத் தாண்டி, 15 செ.மீ. உள்ளே தள்ளி வைக்க வேண்டும். நான்கேகால் அடிப் பிளாச்சுக்கு ஆறடிக் குழாய் எதற்கு என்றால் இதற்குத்தான். தகரத்தின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு 420 டிகிரி வாக்கில் உருகும். அதற்கு அதிகமாகச் சூடேறினால் கிளம்பும் புகை உடம்புக்கு ஆகாது. கன் நுழையும் குட்டைக் குழாயையும் அதைச் சுற்றியுள்ள ஒரு சாண் நீளத்தையும் ஸ்டெய்ன்லெஸ் தகட்டிலேயே செய்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

இரண்டாவது தவறு, சூடு ஏறவில்லை என்று வாயை அடைப்பது. காற்று வெளியேற வழியில்லாமல் போனால் கன்னின் சுருள் தன் சூட்டிலேயே எரிந்துவிடும். பாதிக்கு மேல் மூடவே கூடாது. வெளியே 25 மி.மீ. ராக் வுல் (சூட்டைத் தடுக்கும் கல் இழைப் பஞ்சு) சுற்றினால் மூட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. கன்னும் வெறும் இரண்டு வேகம் உள்ளதாக இல்லாமல், சூட்டைத் திருகி மாற்றும் வகையாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஈரம் போக்கும் முதல் கட்டமான 100 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைப்பது பெரும் பாடு.

ஹீட்டர் பெட்டி

இது கொஞ்சம் வேலை வாங்கும். உள்ளே 4 அங்குலச் சதுரத்தில் ஐந்தடி நீளத் தகரப் பெட்டி. அதைச் சுற்றி 50 மி.மீ. ராக் வுல், அதற்கு வெளியே 8 அங்குலச் சதுரப் பெட்டி. பீரோ செய்யும் பட்டறையில் கொடுத்தால் ஒரே நாளில் மடித்துத் தந்துவிடுவார்கள். சேலத்தில் இருந்துகொண்டு மேக்னசைட் செங்கல் அடுக்கிக் கட்டலாமே என்று சிலருக்குத் தோன்றும். அந்தக் கல் உலைக்குள் பெருஞ்சூட்டைத் தாங்கும், ஆனால் சூட்டைத் தடுக்காது; நன்றாகவே கடத்தும். எடை வேறு. 190 டிகிரிக்கு ராக் வுல்தான் சரி.

அடியில் நீளம் முழுக்க ஒரு மைக்கா பட்டை ஹீட்டர்: ஒன்றரை அங்குல அகலம், 230 வோல்ட், 750 வாட். ஹீட்டர் சுற்றித் தரும் கடையில் சொல்லிச் செய்ய வேண்டும். சொல்லும்போது, இரு முனைகளிலும் கடைசி 15 செ.மீ. அளவுக்குச் சுற்றைச் சற்று நெருக்கமாகப் போடச் சொல்வது முக்கியம். மூடி, கதவு வழியாக முனைகளில்தான் சூடு அதிகம் கசிகிறது. சீராகச் சுற்றிய ஹீட்டரில் நடு வேகும், முனை வேகாது. ஹீட்டருக்கு மேலே இரண்டு பக்கமும் 10 மி.மீ. இடைவெளி விட்டு ஒரு மறைப்புத் தகடு வைக்க வேண்டும். அது இல்லையென்றால் ஹீட்டரின் நேர்க்கதிர் கீழ்ப்பக்கப் பிளாச்சுகளைச் சுட்டுவிடும், தெர்மாமீட்டரோ 180 என்றே காட்டிக்கொண்டிருக்கும். தகட்டுக்கு மேல் கம்பி வலை, வலை மேல் பிளாச்சுக் கட்டு. பெட்டியைப் படுக்க வைத்தே பயன்படுத்த வேண்டும். நிமிர்த்தி வைத்தால் புகைபோக்கி போலச் சூடெல்லாம் மேலே சேர்ந்துவிடும்.

கட்டுப்பாட்டுக்கு, சூட்டைப் பார்த்து ஹீட்டரை அளவாக ஓட்டும் பி.ஐ.டி. கன்ட்ரோலர் ஒன்று, சூட்டை அளக்கும் கே-டைப் தெர்மோகப்பிள், வெப்பத் தகட்டில் பொருத்திய 25 ஆம்பியர் எஸ்.எஸ்.ஆர். (கன்ட்ரோலர் சொல்படி ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்). தெர்மோகப்பிளின் நுனி பிளாச்சுக் கட்டின் உயரத்தில், நீளத்தின் நடுவில், தகரத்தைத் தொடாமல் நிற்க வேண்டும். அதன் இரண்டு ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் சூடு ஏற ஏற எண் இறங்கும். கன்ட்ரோலர் அதை நம்பி ஹீட்டரை விடாமல் ஓட்டும். மஞ்சளும் சிவப்புமாக வரும் கே-டைப்பில் சிவப்புதான் நெகடிவ் என்பது பலரைக் குழப்புகிறது. எஸ்.எஸ்.ஆர். பழுதானால் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், அதாவது மின்சாரம் நிற்காது. ஆகவே ஹீட்டரோடு தொடராக 240 டிகிரியில் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட் ஒன்று கட்டாயம். 6 ஆம்பியர் எம்.சி.பி.யும், தகரப் பெட்டிக்கு எர்த்தும் அப்படியே. பெட்டிக்குள் பி.வி.சி. ஒயர் கூடாது, கண்ணாடி இழை உறை போட்ட ஒயர்தான். கன்ட்ரோலர் தன்னைத்தானே அடுப்புக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ-ட்யூனை வெறும் பெட்டியில் ஓட்டாமல், கழிவுப் பிளாச்சு ஒரு கட்டு உள்ளே வைத்து ஓட்டினால் 190-ஐத் தாண்டிக் குதிப்பது குறையும்.

எஸ்.எஸ்.ஆர்., கன்ட்ரோலர் எல்லாம் வேண்டாம், ஓவனில் வரும் சாதாரண தெர்மோஸ்டாட் போதாதா என்றால், ஓடும். ஆனால் 10, 15 டிகிரி மேலும் கீழுமாக ஆடும். 175-இல் வைத்து 20 நிமிடம் விடுபவர்களுக்கு அது பெரிய பாதகமில்லை. 190-இல் 8 நிமிடம் என்று ஓட்டுபவர்களுக்கு ஆகாது.

ஊரில் எது, மலையில் எது

சேலம் நகரில் மின்னழுத்தம் சீராக உள்ள வீட்டில் இரண்டுமே ஓடும். ஏற்காட்டில் கதை வேறு. தோட்டங்களுக்குப் போகும் நீண்ட லைன் கடைசியில் 190 வோல்ட் வந்தால், சுருளின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தில் குறைகிறது. 2000 வாட் கன் 1360 வாட்டாகிவிடும், 750 வாட் பெட்டி 510 வாட்டாகும். ஆனால் கன் வாங்கும் மின்சாரத்தின் பெரும்பகுதி சூடான காற்றாக வாய் வழியே வெளியே போய்விடுகிறது. மிச்சம் இல்லாததால் வாட் குறைந்தால் நேரடியாகச் சூடும் குறையும். கன்னின் மோட்டாரும் வோல்டேஜோடு மெதுவாவதால், எந்த நேரத்தில் சூடு எப்படித் திரும்பும் என்று கணிக்க முடியாது. பெட்டிக்கோ 190 டிகிரியில் நிற்க 200, 250 வாட் இருந்தால் போதும். 510 வாட் அதற்கு இரண்டு மடங்கு. சூடேற இன்னும் கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். கன்ட்ரோலர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். மின்கட்டணத்திலும் வித்தியாசம் உண்டு. ஒரு முறை ஓட்ட கன்னுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட், பெட்டிக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

மலைக்கு மட்டும் இன்னொரு கவனம். தெர்மோகப்பிளைக் கொதிநீரில் விட்டுச் சரிபார்க்கும் வழக்கம் உண்டு. ஏற்காடு 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியில் கொதித்துவிடும். மீட்டர் 95 காட்டினால் அது சரியாகத்தான் இருக்கிறது. 100 ஆக்குவதற்காகத் திருத்தினால் அடுப்பே 5 டிகிரி பொய் சொல்லத் தொடங்கும். ஐஸ் கரையும் நீரில் 0 வருகிறதா என்று பார்ப்பது ஊருக்கும் மலைக்கும் ஒன்றுதான்.

மொத்தத்தில் மலையில் பெட்டி. ஊரில் ஒன்றிரண்டு கம்பு செய்து பார்க்க நினைப்பவருக்கு, ஹீட் கன் கையில் ஏற்கெனவே இருந்தால், குழாய். வருடத்துக்கு நாலைந்து கம்பு என்றால் ஊரிலும் பெட்டிதான். பெட்டிக்குள் ஒரு ஃபேன் வைத்துக் காற்றைச் சுழலவிடும் மூன்றாவது வகையும் உண்டு. சமச்சீரில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் 190 டிகிரியில் ஃபேன் பேரிங் தாங்க, மோட்டார் பெட்டிக்கு வெளியே இருந்து நீண்ட தண்டு மட்டும் உள்ளே வர வேண்டும். லேத் வேலை தெரிந்தவர் அருகில் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

எந்த அடுப்பாக இருந்தாலும் சோதனை ஒன்றே. பிளாச்சு கிடக்கும் இடத்தில் முன், நடு, பின் என மூன்று தெர்மோகப்பிள். அரை மணி நேரம் ஓடிய பிறகு மூன்றும் 5 டிகிரிக்குள் இருந்தால் நல்ல அடுப்பு. 10 என்றால், பாதி நேரத்தில் பிளாச்சுக் கட்டைத் தலைமாற்றி வைத்து ஈடுகட்டலாம். அதற்கு மேல் போனால் ராக் வுல்லையும் கதவு மூடியையும் பார்க்க வேண்டும். கட்டும் நூல் பருத்தியாக இருக்கட்டும். நைலான் இந்தச் சூட்டில் சுருங்கி இளகும். முதலில் 100, 105 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆவி போக மூடியைச் சற்றுத் திறந்து வைத்து. பிறகுதான் மேல் சூடு. ஈரப் பிளாச்சை நேராக 190-க்குள் தள்ளினால் கணுக்களில் வெடிப்பு விடும். கூடவே ஒரு கழிவுத் துண்டை வைத்து, 0.1 கிராம் தராசில் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் ஈரம் எவ்வளவு போனது என்பது கண்ணுக்குத் தெரியும். வெளியே எடுத்ததும் கட்டை அவிழ்க்காமல், சமதளத்தில் நேராக வைத்தே ஆறவிட வேண்டும். ஏற்காட்டு மூடுபனியில் திறந்து கிடக்கும் பிளாச்சு போன ஈரத்தைச் சில நாட்களில் திரும்பக் குடித்துவிடும். இரு முனையும் மூடிய பி.வி.சி. குழாயில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வைத்து, ஒட்டும் அன்றைக்குத்தான் வெளியே எடுக்க வேண்டும்.