ரொறன்ரோவுக்கு டுபாயாலயா, லண்டனாலயா?

கிளிநொச்சியில் ஒரு வீட்டில் கனடா விசா வந்தால், எந்த வழியால் போவது என்பதை அயலட்டைதான் முதலில் தீர்மானிக்கும். அம்மாவுக்கு விசா வந்த அன்று பக்கத்து வீட்டு மாமா படலையில் நின்றபடியே சொன்னார்: "லண்டனால விடாத தம்பி, அது சுத்து. டுபாய்தான் நேர்."

இரவு இருந்து கணக்குப் பார்த்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து ரொறன்ரோவுக்கு ஆகக் குறுகிய வான்வழி ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். அந்தக் கோடு ரஷ்யாவுக்கு மேலால் ஏறி, ஆர்க்டிக் பனிக்கடலைத் தொட்டுக்கொண்டு கனடாவுக்குள் இறங்கும். ஆனால் நேர் விமானம் கிடையாது. டுபாயில் மாறினால் 3,290உம் 11,080உம், மொத்தம் 14,370. லண்டனில் மாறினால் 8,710உம் 5,710உம், 14,420. மாமா சொன்ன 'சுத்து' வெறும் 50 கிலோமீற்றர். இங்கிருந்து மாங்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரம், அவ்வளவுதான். சுவரில் தொங்கும் தட்டை உலகப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் இது நம்பிக்கை வராது.

பறக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டுபாய் வழி நாலரையும் பதினாலும். லண்டன் வழி பதினொன்றும் எட்டும். அந்த நேரம் எப்படி உடைகிறது என்பதில்தான் பிரச்சினை. வவுனியா ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய் இறங்கினாலே அம்மா கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பா. முழங்கால் நிமிர வேணும். அந்தக் காலோடு ஒரே மூச்சில் பதினாலு மணித்தியாலம்!

காலுக்கு லண்டன் வழிதான் நல்லது. ஆனால் ஹீத்ரோவில் ஸ்ரீலங்கன் இறங்குவது மூன்றாம் முனையத்தில், எயார் கனடா ஏறுவது இரண்டாம் முனையத்தில். தமிழ் மட்டும் தெரிந்த மனுசி தனியாகப் பாதுகாப்புச் சோதனையும் கடந்து அங்கே போய்ச் சேரவேண்டும். மலிவு என்று இரண்டு ரிக்கற்றைத் தனித்தனியாக எடுத்தால் இன்னும் மோசம்: பெட்டியை எடுக்கக் குடிவரவைக் கடந்து வெளியே வரவேணும், திரும்பவும் பெட்டி போடவேணும். டுபாய் வழியென்றால் எமிரேட்ஸில் ஒரே ரிக்கற். கட்டுநாயக்காவில் போட்ட பெட்டி ரொறன்ரோவில்தான் கைக்கு வரும். டுபாயில் முனையமும் மாறாது, தமிழ் தெரிந்த ஆரேனும் அகப்படுவார்கள்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம்? வீட்டிலிருந்து இரண்டு மணித்தியாலம், சென்னைக்கு இன்னொரு ஒன்றேகால். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னையில் ரிக்கற் மாறினால் இந்திய விசா வேணும். அந்தச் சின்ன ஏரிஆர் விமானத்தில் அம்மாவின் இடிச்ச தூளையும் ஒடியலையும் ஏற்றுவதும் கஷ்டம்.

இதில் எந்த ரிக்கற்றிலும் எழுதாத ஒரு பயணம் இருக்கிறது. கட்டுநாயக்காவுக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர், ரோட்டால் வான் வண்டியில் ஆறேழு மணித்தியாலம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் நேரம் வேறு. மூன்று மணித்தியாலம் முன்னுக்கே போய் நிற்கவும் வேணும். விமானம் கிளம்பும்போதே மனுசி பத்து மணித்தியாலம் களைத்திருப்பா.

நான் கூடப் போவதென்றால் லண்டன்தான். அம்மா தனியே என்றபடியால் டுபாயால் போட்டேன்: நடைபாதை ஓரச் சீற், இரண்டு இடத்திலும் வீல்செயார், கைப்பையில் நோவுக்குப் பூசும் சின்னச் சித்தாலேபப் போத்தல்.

மாமாவுக்கு வலு புளுகம், தன்ர 'நேர் வழி' வென்றதென்று. அந்த 50 கிலோமீற்றரை நான் அவருக்குச் சொல்லவில்லை.