மாஸ்டர்ஸா, ஓபனா? நுவரெலியாவிலிருந்து பார்க்க எது தோது?

நுவரெலியா டவுனுக்குள்ளேயே கோல்ஃப் திடல் இருந்தும், நம்மில் பலருக்கு அது வேலியோடு சரி. மாஸ்டர்ஸ், ஓபன் என்ற இரண்டு பெரிய கோல்ஃப் போட்டிகளை டிவியில் பார்க்கலாம் என்றால் முதல் கேள்வி நேரம்தான்.

மாஸ்டர்ஸ் ஏப்ரலில், அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கும். அங்கே ஞாயிறு மாலை முடிகிற கடைசிச் சுற்று நமக்குத் திங்கள் விடியற்காலை. 2025இல் ரோரி மெக்கில்ராய், ஜஸ்டின் ரோஸை பிளேஆஃபில் (சமநிலையானால் ஆடும் கூடுதல் ஆட்டத்தில்) வென்றபோது இங்கே சித்திரைப் புத்தாண்டு விடியப்போகிற நேரம். பலகாரம் சுட எழுந்தவர்களுக்கு வசதிதான்! மற்ற வருடங்களில் வேலைக்குப் போகிறவர் பாடு திண்டாட்டம். ஓபன் ஜூலையில், பிரிட்டனில். இரவு பதினொரு மணிவாக்கில் படுத்துவிடலாம்.

மாஸ்டர்ஸுக்கு 1934 முதல் ஒரே மைதானம். அதனால் புதிதாகப் பார்க்கிறவருக்கும் 12ஆவது குழி சீக்கிரம் பழகிவிடும். 155 யார்ட் தூரம்தான். ஆனால் முன்னால் ஓடை, மேலே திசை மாறும் காற்று. கரையில் விழுந்த பந்து மெல்ல உருண்டு தண்ணீருக்குள் போகும்போது நமக்கே வயிறு கலங்கும்.

1860இல் தொடங்கிய ஓபன் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எல்லாம் கடலோரத் திடல்கள். மணற்குழி எவ்வளவு ஆழம் என்றால், சில வேளை பெரிய வீரரே பின்பக்கமாக அடித்துத்தான் வெளியே வருவார். மழையும் காற்றும் வேறு. ஜூலையில் ஹட்டனில் குடை பிடித்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜெயித்தவருக்கு மாஸ்டர்ஸில் பச்சைக் கோட்டு, ஓபனில் வெள்ளிக் கூஜா என்பதெல்லாம் அப்புறம். முதல் தடவை பார்ப்பவருக்கு மாஸ்டர்ஸ், எனக்கு ஓபன். மழைக்கு டிஷ் சிக்னல் போனால்தான் தொல்லை.